தங்கைக்குச் சொன்ன பத்து சென்ட்

கொங்குப் பகுதியில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் ஆளும் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தந்தை 1988-இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் 42 சென்ட் நிலம் வாங்கினார். 2017-இல் உயில் எழுதாமலே காலமானார். தாய் அதற்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் வாசகரும் அவருடைய தங்கையும் மட்டுமே. 2019-இல் தறிக்கூடம் போட வங்கிக் கடன் கேட்டபோது, பட்டா ஒரே பெயரில் இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கை தம் பாதிப் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. பத்திரப் பதிவுக்குக் கிளம்புமுன், அப்பா படத்தின் முன் எரிந்த விளக்கைத் தொட்டு வாசகர் சொன்னது இது: "கடன் முடிந்ததும் பத்து சென்ட் உன் பெயருக்கு எழுதித் தருகிறேன்." அப்போது உடனிருந்தவர்கள் அவருடைய மனைவியும், பத்து வயது மகளும்.

கடன் போன வருடம் முடிந்துவிட்டது. இதற்கிடையில் பக்கத்தில் புதிய சாலை வந்து, சென்ட் 60,000 ரூபாய்க்குப் போன நிலம் இப்போது 4 லட்சத்துக்குக் கேட்கப்படுகிறது. கணவரின் வியாபாரம் நொடித்துப்போன தங்கை, சொன்னதைச் செய்யும்படி கேட்டிருக்கிறார். "நான் என்ன எழுதியா கொடுத்தேன்?" என்று வாசகர் போனில் கத்தியிருக்கிறார். அடுத்த வாரமே, அக்காவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட சைக்கிளைத் தர மறுத்த 12 வயது மகன் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னானாம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், "அத்தைக்கு விளக்கைத் தொட்டுச் சொன்னீர்களே அப்பா" என்று கேட்டபோது, "பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே" என்று அடக்கியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை.

வாசகர் கேட்பது: சட்டப்படி நான் எதுவும் தர வேண்டியதில்லை அல்லவா? விளக்கைத் தொட்டுச் சொன்னதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்தைத் தூக்கிக் கொடுத்தால் அதுதான் அவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? இதை மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்காவிட்டால் என் பதில் நான்கு வரியில் முடிந்திருக்கும். தர வேண்டியதில்லை என்று முழுதாக நம்புகிறவர் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று தவிக்க மாட்டார். ஆனாலும் சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் உறுதி என்று நினைத்து நிற்கும் தரை அவ்வளவு உறுதியானதில்லை.

"எழுதியா கொடுத்தேன்?"

வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று நம் ஊரில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இரு தரப்பும் சுயமாகச் சம்மதித்து, சட்டத்துக்கு உட்பட்ட ஒரு காரியத்துக்காக, ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றைச் செய்வதாக ஒப்புக்கொண்டால், அது வாய்மொழியாக இருந்தாலும் ஒப்பந்தம்தான். உங்கள் தங்கை 21 சென்ட் பங்கை விட்டுக்கொடுத்தார். நீங்கள் 10 சென்ட் தருவதாகச் சொன்னீர்கள். இது இனாமாகக் கொடுத்த வாக்குறுதி இல்லை, அவர் தம் பக்கத்தை ஏற்கெனவே நிறைவேற்றிவிட்ட ஏற்பாடு என்றுதான் அவருடைய வழக்கறிஞர் வாதாடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதாடுவேன்.

வாய்மொழி ஒப்பந்தத்தின் பலவீனம் நிரூபணத்தில் இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில் "பிரதிபிரயோஜனம் ஏதுமின்றி", அதாவது பதிலுக்கு எதுவும் பெறாமல், என்று எழுதியிருக்கும்போது, அதற்கு மாறாக வாய்ச்சொல்லைக் கொண்டுவருவதற்குச் சாட்சியச் சட்டம் கடுமையான வரம்புகள் வைத்திருக்கிறது. இந்த இடத்தில் உங்கள் பக்கம் பலம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். 2021-இல் தங்கை கேட்டபோது, "கடன் முடியட்டும், உன் பத்து சென்ட் எங்கும் போகாது" என்று வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பினீர்களாம். உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் அது மின்னணு ஆவணமாக நீதிமன்றத்தில் ஏற்கப்படக்கூடியது. ஒப்பந்தத்தின் இரண்டு முக்கிய அம்சங்களும், அதாவது எவ்வளவு, எப்போது என்பவை, உங்கள் குரலிலேயே அதில் இருக்கின்றன.

"ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது, காலக்கெடு முடிந்துவிட்டது" என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டு என்பது சரி. ஆனால் அது பேசிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து. குறிக்காவிட்டால் நீங்கள் மறுத்தது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து. கடன் முடிந்ததே போன வருடம்தான். நீங்கள் மறுத்தது அண்மையில், அதுவும் போனில், உரத்த குரலில். எப்படி எண்ணினாலும் அவருக்கு நேரம் இருக்கிறது. 2018-இல் குறித்தவகை நிவாரணச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒப்பந்தம் நிரூபிக்கப்பட்டால் அதை நிறைவேற்ற உத்தரவிடுவது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லாமல் பொதுவிதியாகவே ஆகிவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

இன்னும் ஒன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்கும்போது, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கும் வாக்குறுதியையும் அதில் சேர்க்கிறது. சொன்னபோது உங்களுக்கு எண்ணம் இருந்தது, விலை ஏறிய பிறகுதான் மனம் மாறியது என்று நான் நம்புகிறேன். தங்கையின் தரப்பு அப்படி நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. மோசடி என்று நிரூபித்தால் பத்து சென்ட் இல்லை, விடுதலைப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அப்போது பேச்சு 21 சென்ட்டில் வந்து நிற்கும்.

இந்த வழக்கில் அவர் ஜெயிப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் ஜெயிப்பீர்கள் என்றும் சொல்ல முடியாது. பல வருடம் இழுக்கும், வழக்கு நிலுவையில் இருக்கும் நிலத்தை 4 லட்சம் விலைக்கு வாங்க ஆள் வரமாட்டார் என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

விளக்கும் சத்தியமும்

விளக்கைத் தொட்டதற்குத் தனியாகச் சட்ட மதிப்பு கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இருந்தது. 1873-ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டத்தின்படி, வழக்கில் ஒரு தரப்பு, "எதிராளி இன்ன கோயிலில் இன்ன முறையில் சத்தியம் செய்து சொன்னால் நான் ஒப்புக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். மற்றவர் சம்மதித்துச் சத்தியம் செய்துவிட்டால் அந்தச் சொல்லே முடிவு. 1969-இல் வந்த புதிய சட்டம் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. கற்பூரத்தை அணைத்துப் பொய் சொல்லத் துணிந்தவர்களுக்கு அது மிக வசதியான சட்டம்.

பிள்ளைகளின் சொத்தா?

உங்கள் வாதத்தில் மிகவும் உருக்கமான பகுதி இது. சட்டப்படி மிகவும் பலவீனமான பகுதியும் இதுவே. உங்கள் தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் இல்லாமல் விட்டுச்சென்ற நிலம், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் தங்கைக்கும் சரிபாதியாக வந்தது. அப்படி வரும் பங்கு உங்கள் தனிச் சொத்து. அதில் உங்கள் பிள்ளைகளுக்குப் பிறப்பால் உரிமை இல்லை. மனைவியின் கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. (பூர்விகச் சொத்தாக இருந்தால் கணக்கே வேறு. தாய்ப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.) ஆகவே பிள்ளைகளின் சொத்தைக் கொடுக்கிறோமே என்ற தயக்கம் வேண்டாம். அவர்கள் பெயரைச் சொல்லி நிலத்தைப் பிடித்துவைத்திருப்பது நீங்கள்.

"கல்யாணத்தில் 30 பவுன் போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று" என்று உங்கள் மனைவி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். திருமணத்தில் போட்ட நகை, தந்தையின் சொத்தில் மகளுக்குள்ள பங்கைக் கழிக்காது. அப்படி ஒரு கழிவுக் கணக்கு வாரிசுரிமைச் சட்டத்தில் எங்குமே இல்லை.

உங்கள் மகள் ஒரு சாட்சி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் பட்டது இதுதான். தங்கை வழக்குப் போட்டால், வாக்குறுதி தரப்பட்டபோது உடனிருந்தவர்கள் யார் என்ற கேள்வி வரும். உங்கள் மனைவி, அடுத்து உங்கள் மகள். சாட்சி சொல்வதற்குச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது கிடையாது. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லக் கூடியவராக இருந்தால் போதும். பத்து வயதில் பார்த்ததைப் பதினாறு வயதில் அவள் தெளிவாகச் சொல்வாள். உங்களிடமே சொல்லிவிட்டாளே.

அப்பாவுக்கு எதிராக உண்மை சொல்வதா, அப்பாவுக்காகப் பொய் சொல்வதா என்ற இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தும் சொத்து எத்தனை லட்சம் பெறும் என்று நீங்களே யோசியுங்கள். வழக்கு வராமலே போகலாம். பெரும்பாலான தங்கைகள் அண்ணன் மீது வழக்குப் போடுவதில்லை, அழுதுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் அவள் ஏற்கெனவே சாட்சியாக நின்றுவிட்டாள். நீங்கள் தலையிடாதே என்றீர்கள்.

இதில் நீங்கள் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. உங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். நாளை உங்கள் சொத்துக்கு அவர்கள் இருவரும் சம வாரிசுகள். ஒருநாள் அந்தப் பையன், "அக்கா, வங்கியில் ஒரே பெயர் கேட்கிறார்கள், ஒரு கையெழுத்துப் போடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்து நிற்பான். அன்று அவள் என்ன செய்வாள், அவன் கையெழுத்து வாங்கிய பிறகு என்ன செய்வான் என்பதற்கான பயிற்சி உங்கள் வீட்டில் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. சைக்கிள் விஷயத்தில் மகனைக் கண்டித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்த முகத்தோடு கண்டித்தீர்கள் என்று கேட்கமாட்டேன். அதை அவனே யோசித்திருப்பான்.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் இருப்பவை நான்கு வழிகள். சும்மா இருப்பது முதலாவது. அதன் ஆபத்தைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, நீங்களே யோசித்திருக்கும் வழி: 2019-இன் விலையைப் போட்டு 6 லட்சம் கொடுத்து முடிப்பது. தங்கை முழு விவரமும் தெரிந்து மனமொப்பி ஏற்றால் சட்டத்தில் தடையில்லை. ஆனால் நீங்கள் சொன்னது நிலம், விலை இல்லை. நிலத்தின் விலை ஏறியதும் அதை அன்றைய பணமாக மாற்றுவது வாக்கைக் காப்பாற்றியதாகாது. அவர் இப்போது பணத்தட்டுப்பாட்டில் இருக்கிறார். ஆறு லட்சத்துக்கும் தலையாட்டக் கூடும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று உங்கள் மகள் எடுத்துக்கொள்வாள் என்று தோன்றவில்லை. பணமாகத்தான் தர முடியும் என்றால் இன்றைய மதிப்பில் பேசுங்கள், தவணை கேளுங்கள், தவணைத் தேதிகளை எழுத்தில் கொடுங்கள்.

மூன்றாவது, "உயிலில் எழுதிவைத்துவிடுகிறேன்" என்பது. தயவுசெய்து வேண்டாம். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அது உங்கள் தங்கைக்கு இன்னொரு வாய்ச்சொல்தான், கொஞ்சம் நல்ல காகிதத்தில். நீங்கள் போன பிறகு அத்தையோடு மல்லுக்கட்டும் வேலையைப் பிள்ளைகளின் தலையில் கட்டிவிட்டுப் போவதும் அதுவே.

நான்காவது, நான் சொல்வது: பத்து சென்ட்டைத் தங்கை பெயருக்குத் தான செட்டில்மென்ட் பத்திரமாக, அதாவது விலை வாங்காமல் உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரமாக, எழுதிப் பதிவு செய்துகொடுங்கள். இதில் சில நுணுக்கங்கள் உண்டு.

எந்தப் பத்து சென்ட் என்று நீங்கள் அன்று சொல்லவில்லை. சண்டை இனி அங்கேதான் வரும். சாலையோரத்து நிலத்துக்கும் உள்ளே இருக்கும் நிலத்துக்கும் விலை வித்தியாசம் உங்களுக்கே தெரியும். வழியில்லாத மூலையில் பத்து சென்ட் ஒதுக்கிவிட்டு "சொன்னதைச் செய்துவிட்டேன்" என்று நிமிர்ந்து நிற்கும் அண்ணன்களை நிறைய பார்த்திருக்கிறேன். சாலையிலிருந்து பின்னால் வரை நீளவாக்கில் பிரித்தால் இருவருக்குமே முகப்பு கிடைக்கும். அது முடியாவிட்டால் வண்டி போகும் அகலத்துக்குப் பாதை உரிமையும், கிணற்றுத் தண்ணீரில் பங்கும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். முதலில் சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, நான்கெல்லையை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடன் முடிந்தது சரி. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா? வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடனைக் கட்டியும் இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். நிலம் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தால் அப்படியே சர்வே எண்ணைக் குறித்து எழுதுங்கள். மனை என்று காட்டினால் அங்கீகாரச் சிக்கல் வரும். 2016-க்குப் பிறகு அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதில் கெடுபிடி அதிகம். முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் எவ்வளவு, குடும்பத்தாருக்கான சலுகை உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் உட்பிரிவுப் பட்டாவுக்கு விண்ணப்பிப்பது வரை உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், மனம் மாறியது என்று பின்னால் ரத்து செய்ய முடியாது. ஆகவே பதிவுக்கு முன்பே மனைவியிடம் எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். 2019-இல் அவரும் அருகில்தான் இருந்தார். அவருடைய பயம் உங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவு பற்றியது என்றால் அந்தப் பயம் நியாயமானது. மீதி 32 சென்ட்டின் இன்றைய மதிப்பைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

மகளிடம் என்ன சொல்வது

உபதேசம் வேண்டாம். அவள் கேட்டது நேரடிக் கேள்வி. பதிலும் நேராக இருக்கட்டும். நான் சொன்னேன், விலை ஏறியதும் தயங்கினேன், இன்ன மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கப்போகிறேன், அதற்கு முன் இன்ன வேலைகள் இருக்கின்றன. இவ்வளவுதான். "அம்மா ஒப்புக்கொள்ளவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாக்குக் கொடுத்தது நீங்கள். தாமதமானால் தாமதம் என்று அவளிடமும் சொல்லுங்கள், முதலில் தங்கையிடம் சொல்லுங்கள். கொடுத்த வாக்கை மாற்றவே கூடாது என்றில்லை. நிலைமை மாறினால், வாக்கு வாங்கியவரிடமே போய், இப்படி ஆகிவிட்டது, அவகாசம் கொடு, அல்லது வேறு விதமாகச் செய்யட்டுமா என்று கேட்கலாம். அவர் மறுத்தால் பழைய சொல் நிற்கும். நீங்கள் செய்தது, அவரைக் கேட்காமலே தனியாக மாற்றிக்கொண்டது.

"யாருக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே" என்ற பாடத்தோடு அவள் இதிலிருந்து வெளியேறினால் அதுவும் நஷ்டம்தான். 2019-இல் என்ன செய்திருக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். விடுதலைப் பத்திரத்துக்குப் பதில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, உங்கள் பங்கை மட்டும் வங்கியில் வைத்திருக்கலாம். அல்லது அதே நாளில் பத்து சென்ட்டுக்குத் தனியாக ஓர் உடன்படிக்கை எழுதிப் பதிந்திருக்கலாம். நம்பிக்கை இருக்கிறது என்பதற்காக எழுதாமல் விடுவதைவிட, நம்பிக்கை இருக்கும்போதே எழுதிக்கொள்வது எளிது என்பது அவளுடைய தலைமுறைக்குத் தெரிய வேண்டும்.

பதிவு நாளன்று பிள்ளைகளைச் சாட்சிக் கையெழுத்துக்கு நிறுத்த வேண்டாம், 18 நிரம்பவில்லை. பத்திர நகலை மகள் கேட்டால் படிக்கக் கொடுங்கள்.

கடிதத்தின் பின்குறிப்பில், உங்கள் மாமனார் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அந்தச் சொத்தில் உங்கள் மனைவி பங்கு கேட்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். மாமனாரின் சொந்தச் சொத்து என்றால், அண்ணன்களுக்கு எவ்வளவோ அவ்வளவு அவருக்கும் உண்டு. பூர்விகம் என்றாலும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு மகனுக்கு இணையான உரிமை இருக்கிறது. சொத்து விவரங்களையும் இறப்புத் தேதியையும் குறித்துத் தனியாக எழுதுங்கள். அவர் ஏற்கெனவே ஏதாவது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, போட்டபோது அவருடைய அண்ணன் ஏதாவது சொன்னாரா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.